ஈரச்சேலை என்றொரு ஈ

ஈ என்றதும் முகத்தைச் சுளிப்பவர்கள் இந்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது முழுக்க ஈயைப் பற்றித்தான். குப்பையில் உட்காரும் பெரிய ஈ அல்ல. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி எள்ளுப்போலப் பறக்குமே, அந்தப் பொடி ஈ. மரபணுவைப் படிக்கிறவர்களுக்கு நூறு வருஷத்துக்கும் மேலாகச் சோறு போடுவது அதுதான். எனக்கும் போட்டது. பெங்களூரில் வேலை, சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம், அவ்வப்போது வெளிநாட்டில் மாநாடு, எல்லாம் அது கொடுத்தது. என் தோழிக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

திருச்சியில் எம்.எஸ்சி. படித்தபோது இருவரும் ஒரே பெஞ்ச். நான் திருமயம் பக்கம். எங்கள் வீட்டு ஆட்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் ஊருக்கு வந்து பூட்டைத் திறக்கிறவர்கள். அவள் குளத்தூர்க்காரி, நிலக்கடலை பயிரிடுகிற வீடு. படிப்பு முடிந்ததும் நான் பெங்களூருக்கு வண்டி ஏறினேன். அவளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போகாமல், புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராகச் சேர்ந்துவிட்டாள். கல்யாணமும் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட் மேனேஜர் வேலை. நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஒரு மகள், கோயம்புத்தூரில் படிக்கிறாள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளை இல்லாத வீட்டில் ஈயைப் பிள்ளையாக வளர்த்தார்கள் என்று யாராவது கதை கட்டிவிடப் போகிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை. அவள் ஈ வளர்த்தது ஈக்காகத்தான்.

கல்லூரியில் பாம்பும் தேளும் பாட்டிலில் ஊறுகிற அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே மாணவர்களின் செய்முறை வகுப்புக்காகக் கண்ணாடிக் குழாய்களில் ஈ வைத்திருந்தாள். ரவையும் வெல்லமும் கடல்பாசியும் போட்டுக் காய்ச்சி ஊற்றினால் அதுதான் ஈக்குச் சாப்பாடு. ஒரு நாள் மத்தியானம் போன் செய்தாள்.

"இங்க ஒண்ணு பொறந்திருக்குடி. எறக்கை விரியல."

"இப்பத்தான் வெளிய வந்திருக்கும். ஒரு மணி நேரம் பொறு, விரிஞ்சிரும்," என்றேன். கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வரும்போது எல்லா ஈக்கும் இறக்கை கசங்கித்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக விரிந்து காய்ந்துவிடும். முதல் வருஷ மாணவனுக்கே தெரிந்த விஷயம்.

"அது எனக்குத் தெரியாதாக்கும்? சாப்புடப் போகும்போது பாத்தேன். இப்ப ரெண்டு பீரியட் முடிச்சிட்டு வாரேன். இன்னும் விரியலடி."

சாயங்காலம் மறுபடியும் போன். "இன்னும் விரியல." மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, "இன்னும் விரியலடி!" என்றாள். மகள் பிறந்ததை எனக்குச் சொன்னபோதுகூட அவள் குரலில் அத்தனை சந்தோஷம் இல்லை. பிறவியிலேயே இறக்கை விரியாத ஈ. அதற்குக் காரணமாக எங்கோ ஒரு மரபணுவில் ஒரு பிழை. அந்தப் பிழையைப் பிடித்தால், சரியான இறக்கை எப்படி விரிகிறது என்பது தெரியும். எங்கள் படிப்பே இப்படித்தான். கெட்டதை வைத்துத்தான் நல்லதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கண்டுபிடித்தவர்தான் பெயர் வைக்க வேண்டும். "கொளத்துல முங்கி எந்திரிச்சா சேலை ஒடம்போட ஒட்டிக்கிட்டு நிக்குமே, அப்படியே இருக்குடி. ஈரச்சேலைன்னு வைக்கப் போறேன்," என்றாள்.

"வெள்ளைக்காரன் வாயில நொழையுமா?" என்று கேலி செய்தேன்.

"ஈக்கு ஜெர்மன்காரன் வச்ச பேரெல்லாம் என் வாயில நொழையலையா? பழகிக்கிடட்டும்."

அன்றிலிருந்து நான் அவளைப் பிடித்த பிடி, "எழுதுடி, எழுதி அனுப்புடி" என்பதுதான். அவளோ, "இன்னும் ஒரு தடவை பாத்துட்டு" என்பாள். பார்க்க நேரம் எங்கே? பரீட்சை மேற்பார்வை, பேப்பர் திருத்துவது, தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் சுவருக்கு வெள்ளை அடிப்பதற்குக்கூட விலங்கியல் டீச்சர்தான் நிற்க வேண்டும். கருத்தரங்கு என்ற பெயரில் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வார்கள், மதியம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ். நானும் போய்ப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த மேடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் உலகத்தில் யாரிடமும் இல்லாத ஒரு ஈ இருக்கிறது என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், எட்டிப் பார்க்கவில்லை. வயிறு எரிகிறது, இப்போது நினைத்தாலும்.

ஒரு குழாய் ஈயை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். ஈக்காரர்களிடம் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, யார் கேட்டாலும் ஈயைக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு குறுகலான அறையில் பால் புட்டிகளில் வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டு இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியவர்கள் அன்றே ஏற்படுத்திய பழக்கம் அது. முகம் தெரியாதவர்கள் எனக்குத் தபாலில் குழாய் அனுப்பியிருக்கிறார்கள், ஒரு பைசா வாங்காமல். நானும் அனுப்பியிருக்கிறேன். சண்டைக்காரனுக்கும் அனுப்புவோம். இரண்டாவது வழக்கம், கண்டவர் எழுதி வெளியிடும்வரை அந்த ஈயை மற்றவர்கள் கேட்கவே கூடாது. கேட்பது திருட்டுக்குச் சமம். பெரிய ஊரில் பெரிய மைக்ரோஸ்கோப்போடு உட்கார்ந்திருக்கும் நான் கேட்டால் அவளுக்கு மறுக்க முடியாது; நாளைக்கு என் பெயர்தான் முன்னால் வரும். பெண்களின் கண்டுபிடிப்பு அடிக்குறிப்பில் போய் முடங்கிய கதை எங்கள் துறையில் கொஞ்சநஞ்சமா? அதனால் நான் கேட்கவில்லை. அவளும் உறுதியாகாமல் கொடுக்கிறவள் இல்லை. ஈரச்சேலை உலகத்தில் அந்த ஒரே அறையில்தான் இருந்தது.

அதைக் காப்பாற்றுவதும் லேசுப்பட்ட காரியம் அல்ல. ஆண் ஈ ஓர் இறக்கையை அதிரவைத்துப் பாடித்தான் பெண் ஈயை மசியவைக்கும். இறக்கை ஒட்டிப்போன ஆண் எங்கே பாடுவது? அதுகள் தானாகப் பெருகாது. அதனால், பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டு அந்தப் பிழையை உள்ளுக்குள் சுமக்கிற உடன்பிறப்புகளோடு சேர்த்து வளர்க்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் கசங்கிய இறக்கைக் குஞ்சுகளைத் தேடிப் பொறுக்கி அடுத்த குழாய்க்கு மாற்ற வேண்டும். ஈ அசையாமல் இருந்தால்தான் பொறுக்க முடியும். அதற்கு ஐஸ்மேல் வைத்தால் போதும், மயங்கிவிடும். அந்த ஐஸை அண்ணன் ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். புதுக்கோட்டையில் ஐஸே இல்லையா என்றால், "அவரு அனுப்புறதுதான் சுத்தம்" என்பாள். விலங்கியல் துறை முழுக்க மீன் வாடை அடிக்கும். யார் மூக்கைப் பிடித்தாலும் அவள் கண்டுகொள்ளமாட்டாள்.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு கதை உண்டு. முதன்முதலில் வெள்ளைக் கண் ஈயைக் கண்ட ஆராய்ச்சியாளர், பிரிய மனசில்லாமல் அதைப் புட்டியோடு வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாராம். பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவியைப் பார்க்கப் போனால், அந்தம்மா முதலில் கேட்டது ஈ எப்படி இருக்கிறது என்றுதானாம். உண்மையோ பொய்யோ, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன். மதுரை ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு வந்தபிறகு சொல்வதில்லை.

மருந்து ஏற்றிய களைப்பில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். அண்ணன் உள்ளே வந்ததும், "ஈ எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு. நேத்து ரவை காய்ச்சி ஊத்திட்டு வந்தேன்."

"பொறுக்குனீங்களா?"

"அது எனக்குத் தெரியாதே."

"வீட்டுக்கு வந்ததும் சொல்லித்தாரேன். அதுவரைக்கும் சோறு மட்டும் மாத்துங்க."

நானே சொல்லித்தருகிறேன் என்று அன்றைக்கு என் வாயில் வரவில்லை. அவள் வீட்டுக்கு வந்து சொல்லித்தரப் போகிறாள் என்பதைத்தான் அந்த அறையில் எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தோம். அவள் வரவில்லை.

கருமாதி முடிந்த கையோடு கல்லூரிக்குப் போனேன். அறையில் பெயிண்ட் வாசனை. ஸ்மார்ட் கிளாஸ் வரப்போகிறதாம். "ட்யூபெல்லாம் க்ளீன் பண்ணியாச்சு மேடம், ஒரே ஈயா இருந்துச்சு," என்றார் துறைத் தலைவர், அறைக்குக் கொசு மருந்து அடித்துவிட்டேன் என்பது போல. நான் அந்த மனிதரைப் பேசாத பேச்சில்லை. படித்தவள் பேசுகிற பேச்சா அது என்று பியூன் பார்த்துக்கொண்டே நின்றார். பேசி என்ன? எல்லாம் போயிற்று என்று பெங்களூருக்குத் திரும்பினேன். அவளுக்காக அழுததைவிட அன்றைக்கு ரயிலில் ஈக்காக அழுததுதான் அதிகம். இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது தெரிகிறது.

முதல் திவசம் முடிந்து சில மாதம் கழித்து அண்ணனிடமிருந்து போன் வந்தது. "தங்கச்சி, ரவையில பூசணம் புடிக்காம இருக்க ஒரு ஆசிட் ஊத்துவாள்ல, அது தீந்துபோச்சு. எங்கிட்டு வாங்கணும்?"

"எதுக்குண்ணே?"

"ஈக்குத்தான். அவ ஈயெல்லாம் எங்கிட்டதானே இருக்கு. கருமாதி முடிஞ்ச மறுநா அவ கொடையும் டிபன் பாக்ஸும் எடுக்கக் காலேஜுக்குப் போனேன். குப்பையில போடக் கூடையில அள்ளிப் பின்னாடி வச்சிருந்தாய்ங்க. கூடையோட தூக்கியாந்துட்டேன். ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

பெங்களூர் வீட்டுச் சமையலறையில் நின்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டினாள். ஈரச்சேலை உயிரோடு இருக்கிறது! இனி என்ன, நானே கூட இருந்து வேலையை முடிப்பேன். அவள் பெயர் மட்டும் முன்னால் நிற்கும். என் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் இருந்தால் போதும். அண்ணனிடமும் அதையே சொன்னேன். "பொஸ்தகத்துல அவ பேரு வருமா?" என்று கேட்டார். "உலகம் பூரா வரும்ணே," என்றேன்.

ஜெகதாப்பட்டினம் போய் இறங்கியபோது படகுகளெல்லாம் கரையில் நின்றன. எல்லை தாண்டியதாகக் கடலில் மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஸ்டிரைக். ஐஸ் பிளான்ட்டில் மிஷின் ஓடாமல் அமைதியாக இருந்தது. மேனேஜர் அறை மட்டும் குளுகுளு என்று இருந்தது. சுவரோரம் இரும்பு ரேக். அதில் அவளுடைய கண்ணாடிக் குழாய்கள். அது போதாமல் ஊறுகாய் பாட்டில்கள். எல்லாவற்றுக்கும் பஞ்சு அடைப்பு, தேதி எழுதிய சீட்டு. பக்கத்து ஊர் மீமிசல் கடையில் கடல்பாசி வாங்கி அவரே காய்ச்சுகிறார். ஐஸ் மிஷினின் அமோனியா வாடை படக்கூடாது என்று ஜன்னல் இடுக்கில் துணி வைத்து அடைத்திருந்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட இத்தனை பக்குவமாக வைத்திருக்கமாட்டார்கள்.

"பாருங்க தங்கச்சி, ஒண்ணுகூட சோடை இல்ல," என்று ஒரு பாட்டிலை நீட்டினார். ஈக்கள் துள்ளிப் பறந்தன. எல்லாமே பறந்தன. அடுத்த பாட்டில், அதிலும் எல்லாமே பறந்தன. கொண்டுபோயிருந்த லென்ஸை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நல்ல இறக்கை. நல்ல இறக்கை. நல்ல இறக்கை.

"எறக்கை ஒட்டினதெல்லாம் எங்கண்ணே?"

"அந்தச் சீக்கு ஈயா?" அவர் முகம் பெருமையில் மலர்ந்தது. "அதை ஏன் கேக்குறீங்க, ஆரம்பத்துல நெறையாக் கெடந்துச்சு. பறக்கமாட்டாம, சோத்துலயே ஒட்டிக்கிட்டு. மத்ததுக்கும் தொத்திக்கிட்டா என்ன பண்றதுன்னு பயந்துபோயிட்டேன். மீனுல அப்படித்தானே, ஒரு நொந்த மீனு கெடந்தா பெட்டியவே கெடுத்துரும். மொதல்ல அதைக் கழிச்சுக் கட்டணும். அவ வைக்கிற மாதிரியே ஐஸ்மேல வச்சு, தூங்குனதும் சீக்கு ஈய மட்டும் ஒண்ணொண்ணா பொறுக்கிப் போட்டேன். கண்ணு வலிச்சுப் போகும். இப்ப பாருங்க, சுத்தமா நின்னுபோச்சு."

மீன் பெட்டிக்குப் பக்கத்திலேயே வாழ்க்கையைக் கழித்த மனிதர். கெட்டதைக் கழித்தால் மற்றது பிழைக்கும் என்பது அந்தத் துறைமுகத்தில் சோறு போடுகிற நியாயம். அவள் பொறுக்கி வைத்ததை அவர் பொறுக்கிப் போட்டிருக்கிறார், அதே ஐஸ்மேல் வைத்து. "நல்லா வச்சிருக்கீங்கண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டு, எல்லா பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் ஈயைக் குழாய்களில் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. நல்ல இறக்கைக்குள்ளும் அந்தப் பிழை ஒளிந்திருக்கலாம் என்று சொன்னேன் அல்லவா? பெங்களூரில் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனிக் குழாயில் விட்டேன். அதன் குஞ்சுகளை ஒன்றோடொன்று சேர்த்தேன், அதன் குஞ்சுகளையும் பார்த்தேன். மாணவர்கள் யாரையும் தொடவிடவில்லை. பல மாதம் வேறு வேலை பார்க்கவில்லை. கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன். ஒரே ஒரு கசங்கிய இறக்கை போதும், கடவுளே, ஒன்றே ஒன்று. வரவில்லை. அவள் போனில் அனுப்பிய மங்கலான படங்கள் இருக்கின்றன. படத்தை வைத்துக்கொண்டு எழுத முடியாது. எழுதினால், கேட்டவருக்கெல்லாம் ஈயைக் கொடுக்க வேண்டும். கொடுக்க ஈ இல்லை.

அண்ணன் ஒவ்வொரு தடவையும் போனில், "எப்பங்க வெளிவரும்? மகளுக்குச் சொல்லணும்," என்பார். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். காலத்துக்கும் மழுப்பியிருக்கலாம். ஆனால் அவள் வருஷக்கணக்காக எழுதாமல் வைத்திருந்தது எதற்கு? தன் ஈயைப் பற்றி ஒரு பொய்கூடச் சேர்ந்துவிடக் கூடாது என்றுதானே. நேரில் போய்ச் சொன்னேன். ரேக்குக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஈரச்சேலை என்றால் என்ன என்று முதலிலிருந்து சொன்னேன். பேச்சை எங்கே கொண்டுபோகிறேன் என்பது பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப, பறக்கமாட்டாம கெடந்ததுதான் அவளோடதா?"

"ஆமாண்ணே."

கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவகிட்ட நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னே சொன்னேனே தங்கச்சி," என்றார். பிறகு எழுந்து வெளியே போய் ஐஸ் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டார். நான் கூடப் போகவில்லை. என்னால் அந்த முகத்தைப் பார்த்திருக்க முடியாது. அறையில் அத்தனை பாட்டிலிலும் ஈ ஜோராகப் பறந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் தூக்கித் தரையில் போட்டு உடைக்க வேண்டும் போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

அவர் உடைக்கவில்லை. இன்றைக்கும் வளர்க்கிறார். இப்போது எதையும் பொறுக்கிப் போடுவதில்லை. செத்ததைக்கூட லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார். வாரத்தில் ஒரு தடவையாவது போன் வரும். அவரிடம் இருப்பது மலிவான கேமரா போன். தெளிவில்லாத படம் ஒன்றை முதலில் அனுப்புவார், உடனே கூப்பிடுவார்.

"ஒண்ணு பொறந்திருக்கு தங்கச்சி. எறக்கை விரியல."

இப்பத்தான் வெளியே வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் இப்போது தெரியும். "ஒரு மணி நேரம் பொறுங்கண்ணே," என்பேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேலை ஓடாது. மாணவர்கள் கதவில் வந்து நின்றால் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டு, போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விரியாதே, விரியாதே என்று ஒரு பொடி ஈயிடம் நான் கெஞ்சுவதை யாராவது கேட்டால் பைத்தியம் என்பார்கள்.

போன் அடிக்கும். முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

"விரிஞ்சிருச்சு, தங்கச்சி."